13 × 4 = 412: வீட்டில் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

12.05.2024, மாலை 6.20. இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவில் இருந்து ஒரு தாயின் கேள்வி

மகனுக்கு எட்டு வயது, தரம் 4. தமிழ், சுற்றாடல் எல்லாம் ஆசையாகப் படிப்பான். கணக்குக் கொப்பியைத் திறந்தால் மட்டும் வயிறு வலிக்கிறது என்பான். நேற்று 13 × 4 = 412 என்று எழுதி வைத்திருக்கிறான். வகுப்பு டீச்சர் பிரசவ லீவில் போய் இரண்டு மாதம் ஆகிறது, பதிலுக்கு ஆள் வரவில்லை. டவுனுக்கு டியூஷன் அனுப்பினால் பின்னேரம் திரும்பி வர பஸ் இல்லை. நானே வீட்டில் சொல்லிக்கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். நான் ஓ.எல். (தரம் 11 பரீட்சை) வரைதான் படித்தேன். எதை வைத்துத் தொடங்குவது? காசில்லாமல் என்ன கிடைக்கும்?

12.05.2024, இரவு 9.40

தங்கச்சி, நான் தலவாக்கலையில் ஃபோட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கணக்கு டீச்சர் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளைப் பூட்டியபோது மகள் தரம் 2. அன்றைக்கு வேறு வழியில்லாமல் தொடங்கினேன். இப்போது அவள் தரம் 6, தம்பி தரம் 2. பின்னேரம் கடை பூட்டிவிட்டு வந்தால் இரண்டு பேரோடும் ஒரு மணித்தியாலம் கணக்கு. எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) பிள்ளைகள் நாலைந்து பேரும் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வந்து உட்காருவார்கள்.

காசில்லாமல் கிடைப்பதைச் சொல்கிறேன். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் தமிழில் பிடிஎஃப் ஆக இருக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தரம் தரமாகப் பாடமும் பயிற்சியும் இருக்கின்றன. இந்த இரண்டையும் விட, தேசிய கல்வி நிறுவகம் போட்டிருக்கும் ஆசிரியர் வழிகாட்டியை முதலில் இறக்குங்கள். பாடநூல் பிள்ளைக்கு எழுதியது. வழிகாட்டி சொல்லிக்கொடுக்கிறவருக்கு எழுதியது. எந்தச் செயற்பாட்டை எதற்கு முன்னால் செய்ய வேண்டும், என்ன பொருளை வைத்துச் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். கொரோனா வருஷத்தில் எனக்கு வழி காட்டியது அதுதான்.

சின்னவர்களுக்குப் படக்கதை வேண்டுமானால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளம். எண், அளவு, வடிவம் பற்றிய கதைகளும் தமிழில் உண்டு, இறக்கி வைத்துக்கொள்ளலாம். அர்விந்த் குப்தாவின் தளத்தில் தீப்பெட்டி, பழைய கடதாசி, ஸ்ட்ரோ இவற்றை வைத்துச் செய்யும் விளையாட்டுச் சாமான்கள் கொட்டிக் கிடக்கின்றன. பெரிய வகுப்புக்கு, வரைபும் உருவமும் போட்டுப் பார்க்கும் ஜியோஜீப்ரா செயலி. ஒரு தடவை ஃபோனில் போட்டுவிட்டால் டேட்டா இல்லாமலும் வேலை செய்யும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். வாய்ப்பாட்டைப் பாடமாக்கச் சொல்லி உட்கார வைக்காதீர்கள். வயிற்றுவலி அங்கேதான் தொடங்குகிறது.

13.05.2024, பகல் 1.15

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். யூடியூப்பில் தமிழில் கணக்கு என்று தேடினால் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடங்கள்தான் வரும். நல்ல பாடங்கள், தாராளமாகப் பாருங்கள். சொற்கள்தான் வேறு. எங்களுக்கு அட்சரகணிதம், அவர்களுக்கு இயற்கணிதம். எங்களுக்குக் கேத்திரகணிதம், அவர்களுக்கு வடிவியல். நாங்கள் பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது) என்பது அங்கே மீ.சி.ம. நாங்கள் இடையம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) என்பது அங்கே இடைநிலை அளவு. நாங்கள் ஆகாரம் (அதிக தடவை வரும் எண்) என்பது அங்கே முகடு.

பக்கத்துக் காம்பரா (லயத்து வீடு) பையன் ஒரு மாதமாக அந்த வீடியோக்களைப் பார்த்துப் படித்தான். தவணைப் பரீட்சையில் ‘ஆகாரம் காண்க’ என்ற கேள்வியைத் தொடாமல் விட்டுவிட்டு வந்தான். ‘முகடு’ என்று கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் செய்திருப்பான். அவன் கண் கலங்கி நின்றது இப்போதும் மனதில் இருக்கிறது. அன்றிலிருந்து எல்லாப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பியிலும் கடைசிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டு, இங்கே இந்தச் சொல், அங்கே அந்தச் சொல் என்று எழுதி வைக்கிறோம்.

உங்கள் மகன் தரம் 4 என்பதால் இப்போது பெரிய சிக்கல் இல்லை. கூட்டலும் கழித்தலும் இரண்டு கரையிலும் ஒன்றுதான்.

14.05.2024, இரவு 10.05

இன்னொருவர் கேட்டிருக்கிறார், பாடசாலையை நிறுத்திவிட்டு முழுக்க வீட்டிலேயே படிப்பிக்கலாமா என்று. நான் பேசுவது அதைப் பற்றி இல்லை. இங்கே 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி. 2016க்கு முன் அது 14 வயதாக இருந்தது, அந்த இரண்டு வருஷத்தைக் கூட்டியதில் எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகள் வகுப்பில் தங்கியிருக்கிறார்கள். பிள்ளை பாடசாலைக்குப் போகட்டும். அங்கே கிடைக்காததை வீட்டில் கொடுப்போம்.

சரி, எதை வைத்துத் தொடங்குவது என்று கேட்டீர்கள். நான் எதில் தொடங்கினேன் என்று சொல்கிறேன்.

1998இல் நான் ஐந்தாம் ஆண்டு. அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போவார். நாளைக்கு மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று 2 கிலோ கழிப்பார்கள். எங்கள் தோட்டத்தில் அப்போது 16 கிலோ இருந்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண்கள் மனதில் நிற்கும். பொழுது சாய வந்து கூடையை இறக்கியதும், கால் கழுவுவதற்கு முன்னால், எனக்குச் சொல்வார்: “ஆறு, எட்டு, ஏழு.” நான் கதவுக்குப் பின்னால் கரித்துண்டால் எழுதுவேன். 6 + 8 + 7 = 21. மூன்று நிறுவைக்கு 6 கழித்தால் 15. ஒரு கிலோவால் அன்றைக்கு அரைப்பேர்.

அந்த 15ஐ எழுதிவிட்டு நான் திரும்பிப் பார்த்தபோது அம்மா தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். கணக்கு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த நாள் அது.

மாத முடிவில் கதவைப் பார்த்து எண்ணினேன். முழுப்பேர் 23. சம்பளத் துண்டில் 21. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் திகதி திகதியாகச் சொன்னேன். கணக்கப்பிள்ளை ஐயா செக்ரோலை (பேர் போடும் பதிவேட்டை) திருப்பிப் பார்த்தார், வேறு ஒருவரின் வரிசையில் விழுந்திருந்த இரண்டு நாளைக் கண்டுபிடித்துச் சேர்த்துக் கொடுத்தார். அன்று வாங்கிய இனிப்புப் பணிஸின் ருசி இன்னும் வாயில் இருக்கிறது.

என் மகளுக்கு இந்தக் கதவைத்தான் முதலில் காட்டினேன். அம்மா இருக்கும் அந்தப் பழைய காம்பராவில் கரி எழுத்து மங்கலாக இன்னும் இருக்கிறது. அவள் தானாகக் கேட்ட அடுத்த கேள்வி: “அந்தப் பதினைந்து கிலோவும் எவ்வளவு தேயிலையாகும் அம்மா?” ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை. அப்படியானால் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பிறகு கடையில் 100 கிராம் பக்கெட்டைக் கையில் எடுத்து, “இதுக்கு 450 கிராம் கொழுந்து, ஒரு இறாத்தல் பாண் கனம்” என்றாள். பாணின் நியம நிறை 450 கிராம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பாண் கடைச் சுவரில் ஒட்டியிருந்த கடதாசியை வாசித்தாளாம்.

உங்கள் வீட்டில் கொழுந்து எடுக்கிறவர் யாராவது இருந்தால் அவரிடமிருந்து தொடங்குங்கள். இல்லாவிட்டால் மரக்கறித் தோட்டம், கடைக் கொப்பி, பஸ் டிக்கெட், எதுவானாலும் சரி. வீட்டில் யாருக்கோ உண்மையிலேயே வேண்டிய எண்ணாக இருக்கட்டும்.

19.05.2024, இரவு 8.30

இன்றைக்கு ஞாயிறு. பிள்ளைகளோடு தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்கு ரயிலில் போனோம். கொட்டகலை தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் மலைப்பாதையில் மிக நீளமானது அதுதான், சுமார் 560 மீட்டர். மகளின் கையில் ஃபோன். எங்கள் யன்னல் இருட்டானதும் அழுத்தினாள், வெளிச்சம் வந்ததும் அழுத்தினாள். 98 செக்கன். தம்பி வாயால் எண்ணினான், அவனுக்கு 83. இருட்டில் பயந்து கொஞ்ச நேரம் எண்ணுவதை நிறுத்திவிட்டான்.

ரயில் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது? நான் கல்குலேட்டரைத் தேடினேன். மகள் சொன்னாள்: “98ஐ நூறு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணித்தியாலத்தில் 3600 செக்கன், அதாவது முப்பத்தாறு நூறு. ஒவ்வொரு நூறிலும் 560 மீட்டர். 36 தடவை 560.” ஹட்டன் ஸ்டேஷனில் வாங்கிலில் உட்கார்ந்து டிக்கெட்டின் பின்பக்கத்தில் பெருக்கினாள். 20,160 மீட்டர். மணிக்கு இருபது கிலோமீட்டர்.

எதிரில் இருந்த ஐயா ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “ரயிலின் நீளத்தையும் கூட்ட வேண்டாமா பிள்ளை?” என்று இறங்கும்போது கேட்டார். ஆமாம், அதை மறந்துவிட்டோம் என்று நானும் சொன்னேன். ஒரு பெட்டியின் நீளம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மகள் திருத்தி எழுதக் காத்திருக்கிறாள்.

20.05.2024, காலை 6.50

பெட்டியின் நீளம் வேண்டாம். நான் சொன்னது பிழை.

இரவு மகள் பென்சில் பெட்டியை மேசையில் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பாடநூலைக் குகை மாதிரி நிறுத்தி, பெட்டியின் ஒரு மூலையில் பசளிப் பழத்தால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். எஞ்சின் நுழைந்ததிலிருந்து கடைசிப் பெட்டி வெளியே வரும்வரை அளந்தால்தான் ரயிலின் நீளத்தைச் சேர்க்க வேண்டும். நாங்கள் அளந்தது ஒரு யன்னல் நுழைந்து அதே யன்னல் வெளியே வந்த நேரம். அந்தப் புள்ளி குகையின் நீளத்தை மட்டும்தான் கடக்கிறது. ஆகவே 560 மீட்டர்தான் கணக்கு. விடை இருபதுக்குக் கொஞ்சம் மேல், ஏனென்றால் 98 நூறைவிடக் குறைவு. ‘கொஞ்சம் மேல்’ என்பதையும் அவளே சொன்னாள்.

ஓ.எல். பரீட்சையில் வரும் ரயில் கணக்கில் நான் ஏன் தடுமாறினேன் என்று இருபது வருஷத்துக்குப் பிறகு இன்று காலைதான் விளங்குகிறது.

20.05.2024, இரவு 9.15

ரயில் பாதை என்றதும் இன்னொன்று. எங்கள் மலைப்பாதையில் செங்குத்தான ஏற்றம் 44க்கு 1. 44 அடி ஓடினால் ஒரு அடி ஏறும். கேட்டால் ஒன்றுமே இல்லை போல இருக்கும். 44 அங்குலப் பலகை ஒன்றை எடுத்து ஒரு முனைக்கு அடியில் ஒரு அங்குலக் கட்டை வையுங்கள். கண்ணுக்கு மட்டமாகத்தான் தெரியும். மார்பிளை வைத்தால் ஓடும். இத்தனை சின்னச் சாய்வில்தான் பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையில் 6226 அடி வரை ரயிலை ஏற்றியிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் தெமோதரையில் பாதை தன்னையே சுற்றித் தனக்குக் கீழே போவதை வெறும் வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். இந்தப் பலகைக்குப் பிறகு, “நேரா இறங்கினா ரொம்பச் சரிவு, அதனாலதான் சுத்துது” என்று தரம் 3 பிள்ளை சொன்னாள்.

குளிருக்கும் கணக்கு உண்டு. 1000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். நுவரெலியா 1868 மீட்டர். கொழும்பில் 30 பாகை என்று செய்தியில் சொன்னால் நுவரெலியாவில் 18 இருக்கலாம். பிள்ளைகள் தினமும் செய்தியைக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். மழை நாளில் தப்பிப் போகும், ஏன் தப்பியது என்று அதையும் பேசுவோம்.

26.05.2024, இரவு 9.00

நாலு நாளாக மழை, சிக்னலும் இல்லை. பல்லாங்குழிதான் ஓடியது. முட்டை அட்டையை வெட்டி ஏழு ஏழாகப் பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஆட்டம் எப்படிப் போனாலும் குழியில் இருப்பதும் இரண்டு பேரின் கையில் இருப்பதும் சேர்ந்து 70 ஆக இருக்க வேண்டும். தம்பி ஒருநாள் 68 என்று எண்ணி, அக்காவின் மடியிலிருந்து இரண்டைப் பிடித்தான். ஐயைந்தாக எண்ணுவதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

சொல்ல வந்தது வேறு. அவன் போன கிழமை ‘தொண்ணூற்றேழு’ என்பதை 907 என்று எழுதினான். கவனமில்லை என்று நினைத்து மூன்று தரம் எழுத வைத்தேன். மூன்று தரமும் 907. பிறகு மெதுவாகக் கேட்டேன். “நூறுன்னு வருதேம்மா” என்றான்.

யோசித்துப் பாருங்கள், அவன் சொல்வது சரி. இருபது, முப்பது, எண்பது எல்லாவற்றிலும் பத்து ஒளிந்திருக்கிறது. தொண்ணூறில் மட்டும் நூறு நிற்கிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் நிற்கிறது. ஒன்பதிலேயே ‘பது’ இருக்கிறது. ஒன்பதின் இடம் வந்தாலே எங்கள் மொழியில் பெயர் ஒரு படி மேலே தாவிவிடும். காதால் கேட்டு எழுதுகிற பிள்ளை 907 என்று எழுதுவது கவனக்குறைவு இல்லை, கவனம்.

விளக்குமாற்று ஈர்க்கைச் சின்னச் சின்னதாக ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டினோம். ஒரு கிழமைக்கு ‘ஒன்பது பத்து, ஏழு’ என்றே சொன்னோம். இப்போது தொண்ணூற்றேழு என்றாலும் ஒன்பது கட்டும் ஏழு குச்சியும் எடுக்கிறான்.

மொழி குழப்பியதைச் சொன்னேன், மொழி காப்பாற்றியதையும் சொல்ல வேண்டும். மகள் பின்னத்தில் ½ × ¼ = 1/6 என்று போட்டிருந்தாள். கீழே இருப்பதைக் கூட்டிவிட்டாள். அம்மா பக்கத்தில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். “காலில் பாதி அரைக்கால்தானே, இதுக்கு என்ன கொப்பி?” என்றார். பிறகு மாவை எடுத்துக் காட்டினார். உருண்டையை இரண்டாகப் பிய்த்தார், அரை. அதை இரண்டாக, கால். அதை இரண்டாக, அரைக்கால். “அதுலயும் பாதி மாகாணி. எங்க அம்மா காலத்துல கடையில மாகாணிக் கணக்கெல்லாம் உண்டு.” பலகையில் மகள் எண்ணிப் பார்த்தாள். அரைக்கால் அளவு உருண்டையாக முழு மாவையும் பிய்த்தால் எட்டு. மாகாணி அளவில் பதினாறு. அரைக்கால் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு பெருக்கல் உட்கார்ந்திருக்கிறது, எழுதப் படிக்கத் தெரியாத அம்மா அதை எழுபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பதினாறு சின்ன ரொட்டி சுட்டோம். லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் மாகாணி மாகாணியாகப் போனது.

02.06.2024, இரவு 10.20

12ஆம் திகதி நான் எழுதிய ஒன்றைத் திருத்த வேண்டும். வாய்ப்பாட்டைப் பாடமாக்க வைக்காதீர்கள் என்று சொன்னேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன்.

மகள் நீள வகுத்தல் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 7 × 8 வரும்போது நின்றாள். 7, 14, 21 என்று விரலில் ஏறி 56க்கு வந்தபோது எதை வகுத்துக்கொண்டிருந்தாள் என்பது மறந்துவிட்டது. திரும்ப மேலே போய் வாசித்தாள். ஒரு கணக்கில் நாலு தடவை இப்படி நடந்தது. அவளுக்கு வகுத்தல் விளங்கியிருக்கிறது. கை நிறையச் சாமானோடு ஒவ்வொரு கதவிலும் சாவி தேடுகிறவளைப் போல நிற்கிறாள். அது என் பிழை. பாடமாக்குவது பிள்ளையை அழவைக்கும் என்று பயந்து நாலு வருஷம் தள்ளிப் போட்டேன்.

ஆனால் எதைப் பாடமாக்குவது என்பதில் ஒரு வழி இருக்கிறது. நூறு கட்டமுள்ள பெருக்கல் அட்டவணையை என் கடையில் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டினோம். கத்தரிக்கோலை மகளிடம் கொடுத்தேன். “தெரிந்ததை எல்லாம் வெட்டி எடு.”

முதலில் அவளே கண்டாள், 3 × 7ம் 7 × 3ம் ஒன்றுதான். அட்டவணையை மூலைக்கு மூலை மடித்தால் ஒரு பாதி போய்விடுகிறது. நூறில் மிச்சம் 55. ஒன்றாம் வாய்ப்பாடும் பத்தாம் வாய்ப்பாடும் யாருக்கும் தெரியும். இரண்டு என்பது இரட்டிப்பு, ஐந்து என்பது மணிக்கூட்டு முகம். இந்த நாலையும் வெட்டினால் மிச்சம் 21. ஒன்பதுக்கு விரலை மடித்துப் பார்க்கும் வழி இருக்கிறது, அல்லது பத்தாம் வாய்ப்பாட்டில் ஒரு தடவை குறைத்தால் வந்துவிடும். அதையும் எடுத்தால் 15.

நூறு என்று நினைத்துப் பயந்தது பதினைந்து. அந்தப் பதினைந்து கட்டமும் சுவரில் படிக்கட்டு மாதிரி நின்றன. கிழமைக்கு மூன்று. பல் துலக்கும்போது ஒன்று, தேத்தண்ணி கொதிக்கும்போது ஒன்று. தெரிந்துவிட்டால் அந்தக் கட்டத்தை அவளே கிழித்து எடுப்பாள்.

தங்கச்சி, உங்கள் மகனுக்கும் இதைச் செய்யலாம். ஆனால் விளங்கிய பிறகு. இந்த ‘பிறகு’ என்ற சொல்லைத்தான் நான் நாலு வருஷம் தவற விட்டேன்.

09.06.2024, காலை 7.10

படிக்கட்டில் 12 மிச்சம். முதலில் கிழித்தது 7 × 8.

16.06.2024, இரவு 9.50

இன்று உங்கள் கேள்வியைத் திரும்ப வாசித்தேன். என்னை மன்னிக்க வேண்டும். நீங்கள் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள், நான்தான் பார்க்கவில்லை. தளம், வழிகாட்டி, ரயில், ரொட்டி என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 412ஐப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

412 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நால் மூன்று பன்னிரண்டு, 12 என்று எழுதியிருக்கிறான். நால் ஒன்று நாலு, அதை 12க்கு முன்னால் எழுதியிருக்கிறான். 4, 12. அவனுக்கு வாய்ப்பாடு தெரிந்திருக்கிறது. வலமிருந்து இடமாகப் போக வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. 13இல் இருக்கும் 1 என்பது பத்து என்பதுதான் அந்த இடத்தில் மறைந்துவிட்டது. கணக்கே தெரியாத பிள்ளை 412 எழுத முடியாது.

2020இல் என் மகள் 52 − 28 = 36 என்று எழுதினாள். பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறாள், 5இல் 2 போனால் 3, 8இல் 2 போனால் 6. நான் பிழை என்று சிவப்பில் வெட்டி, அழித்துவிட்டுத் திரும்பச் செய் என்றேன். திரும்பவும் 36. குரல் உயர்த்தினேன். அதன் பிறகு இரண்டு கிழமைக்கு அவள் விடையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டே எழுதினாள். அந்தச் சின்னக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எப்படிச் செய்தாய் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

ஆகவே நாளைக்கு இதை மட்டும் செய்து பாருங்கள். பிழை என்று சொல்ல வேண்டாம். “இதை எப்படிச் செய்தாய், எனக்குச் சொல்லித் தா” என்று பக்கத்தில் உட்காருங்கள். அவன் சொல்லி முடித்ததும், “பதின்மூன்று தேயிலைச் செடி ஒரு வரிசை. அப்படி நாலு வரிசை. நூறு செடி இருக்குமா?” என்று கேளுங்கள். இருக்காது என்பான். பிறகு கட்டக் கொப்பியில் நாலு வரிசை, வரிசைக்கு 13 கட்டம் நிறம் தீட்டட்டும். பத்தாவது கட்டத்துக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு. இந்தப் பக்கம் 40, அந்தப் பக்கம் 12.

அவன் சொல்வதை அப்படியே எனக்கு எழுதுங்கள்.

18.06.2024, மாலை 7.05. மஸ்கெலியாவில் இருந்து

கேட்டேன் அக்கா. “பன்னிரண்டை எங்கயும் வைக்க இடமில்லைம்மா, அதான் அப்படியே வச்சேன்” என்றான். நூறு செடி இருக்குமா என்றதும் சிரித்துவிட்டான், ஐம்பது இருக்கும் என்றான். கட்டம் தீட்டி 52 என்று அவனே எழுதினான். பிறகு 14 × 6 தரச் சொல்லிக் கேட்டான். வயிற்றுவலி பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுரங்கத்தில் தம்பி 83 எண்ணினான் என்று வாசித்துக் காட்டினேன், தான் எண்ணினால் 98 வரும் என்கிறான்.

18.06.2024, இரவு 9.30

‘வைக்க இடமில்லை.’ இதை நான் என் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டேன். பன்னிரண்டிலிருந்து பத்தைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். 14 × 6க்கும் கட்டம்தான் போடட்டும், அவசரமில்லை. 60ம் 24ம் வந்ததும், 24இல் இருக்கும் இரண்டு பத்தையும் அவனே பத்துகளோடு கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். அது கை பழகிய பிறகு, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதும் குத்துக் கணக்கைக் காட்டுங்கள்.

கட்டக் கடதாசி முப்பது பக்கமும் பெருக்கல் அட்டவணை பெரியது ஒன்றும் எடுத்து வைத்திருக்கிறேன். தரம் 4 ஆசிரியர் வழிகாட்டியையும் இரண்டு பக்கமாக அச்செடுத்துக் குத்தித் தருகிறேன். ஞாயிறு காலை நாங்கள் ஹட்டனுக்கு வருகிறோம், ஸ்டேஷனில் வாங்கிக்கொள்ளுங்கள். மகனையும் கூட்டி வாருங்கள். எங்களோடு கொட்டகலை வரை ஒரு டிக்கெட் எடுத்தால் சுரங்கத்தை அவனே எண்ணிப் பார்க்கலாம். இந்த முறை எதிர்ப்பக்கம் போகிறோம், அதனால் 98 வராமலும் போகலாம் என்று மகள் இப்போதே சொல்லிவிட்டாள்.